'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' படத்தை ரசித்துப் பார்ப்பது எப்படி

2010இல் வந்த 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் கிடைக்கின்றன. "லாரன்ஸ் கௌபாயா வருவாரே, அதுதானே?" என்பது ஒன்று. "பாதியில நிறுத்திட்டேன்" என்பது இன்னொன்று. நிறுத்தியவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, பாதிக்கு மேல் படம் நிஜமாகவே தடுமாறுகிறது. ஆனாலும் தொப்பி, குதிரை, துப்பாக்கி, தூக்குமேடை என்று ஒரு முழு கௌபாய் உலகத்தை உருவாக்கி, அதில் எல்லோரையும் தமிழில் பேசவிட்டு, அதைக் காமெடியாகவும் எடுக்க ஒரு துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலுக்குள் நிறைய நல்ல விஷயங்கள் இருக்கின்றன, சரியான இடத்தில் தேடினால் கிடைக்கும். குறைகளுக்குக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. அவை எங்கே, எதனால் வருகின்றன என்று தெரிந்துகொண்டு பார்த்தால் படம் வேறு மாதிரி தெரியும், அதற்காகத்தான் இது.

முதல் வேலை, இது எப்படிப்பட்ட படம் என்று மனதில் தெளிவாக்கிக்கொள்வது. இதன் இயக்குநர் சிம்புதேவன் சினிமாவுக்கு வருவதற்கு முன் ஆனந்த விகடனில் கார்ட்டூனிஸ்ட். 2006இல் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி', 2008இல் 'அறை எண் 305இல் கடவுள்', மூன்றாவதாக இந்தப் படம். கார்ட்டூன் போடுகிறவர் ஒரு கட்டத்துக்குள் யோசிப்பார். கட்டத்துக்குள் யார் நிற்கிறார்கள், சுவரில் என்ன எழுதியிருக்கிறது, ஓரத்தில் நிற்கும் ஆள் என்ன செய்கிறான், ஊருக்கு என்ன பெயர், எல்லாமே நகைச்சுவைக்கு உதவ வேண்டும். அந்தக் கட்டம் முடிந்தால் நகைச்சுவையும் முடிந்தது, அடுத்த கட்டம் புதிதாகத் தொடங்கும். இந்தப் படம் முழுக்க அப்படித்தான் ஓடுகிறது. ஒரு காட்சி இன்னொரு காட்சியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் அரைமணி நேரத்தில் அலுப்பு வந்துவிடும். படக்கதைப் புத்தகத்தைப் புரட்டுகிற மனநிலையில் உட்காருங்கள், ஒரு பக்கம் பிடித்தால் அதிலேயே கொஞ்சம் நில்லுங்கள், பிடிக்காவிட்டால் அடுத்த பக்கம். இந்த ஒரு விஷயத்தை ஏற்றுக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும், ஏனென்றால் இந்தப் படத்தின் நல்லது, கெட்டது இரண்டுமே இந்தக் கட்டம் போடும் பழக்கத்திலிருந்துதான் பிறக்கின்றன.

அடுத்தது, "தமிழ் பேசுறவனுக்கு எதுக்கு கௌபாய் தொப்பி?" என்ற கேள்வி. படம் பார்க்கும்போது இது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தால் எதையும் ரசிக்க முடியாது, அதனால் முதலிலேயே பேசித் தீர்த்துவிடுவோம். கௌபாய் உலகம் என்றதும் நம் கண்ணுக்கு வரும் வறண்ட மண்ணும் வெறிச்சோடிய தெருவும் பெரும்பாலும் செர்ஜியோ லியோனே என்ற இத்தாலிக்காரர் காட்டியவை. 1964இலிருந்து 1966வரை கிளின்ட் ஈஸ்ட்வுட்டை வைத்து அவர் எடுத்த மூன்று படங்களிலும் வெளிப்புறக் காட்சிகளுக்கு அமெரிக்கா போகவே இல்லை, பெரும்பாலும் ஸ்பெயினில் அல்மேரியா போன்ற இடங்களின் பொட்டல் காடுகளில் எடுத்தார். அந்த மூன்றில் முதல் படத்தின் கதையோ ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'யோஜிம்போ' படத்தில் இருந்து வந்தது, அதை எடுத்த ஜப்பானிய நிறுவனம் வழக்குப் போடும் அளவுக்கு. காமிக்ஸிலும் இதே கதைதான். தன் நிழலைவிட வேகமாகச் சுடும் கௌபாய் நாயகன் லக்கி லூக்கை 1946இல் வரைந்தவர் மோரிஸ் என்ற பெல்ஜியக்காரர். டெக்ஸ் வில்லர் என்ற காமிக்ஸ் நாயகன் 1948இல் இத்தாலியில் பிறந்தவர். நம்மூர் வாசகர்களுக்குக் கேப்டன் டைகராக அறிமுகமான ப்ளூபெர்ரி பிரெஞ்சு மொழிக்காரர். ஆக, அமெரிக்க மேற்கை இத்தாலியும் ஸ்பெயினும் பெல்ஜியமும் கற்பனையில் கட்டி, உலகமே அதை நம்பி ரசித்திருக்கிறது. தமிழும் அந்த வரிசையில் ஒரு நாற்காலி போட்டு உட்காருவதில் என்ன தப்பு? அசல் இல்லை என்று இந்தப் படத்தை ஒதுக்கினால் அந்த வரிசை முழுவதையும் ஒதுக்க வேண்டியிருக்கும்.

இதில் தமிழுக்கு ஏற்கெனவே ஒரு சொந்தப் பாரம்பரியமும் இருக்கிறது, இளையவர்கள் பலருக்கு அது தெரியாது. ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கத்துக்கு வந்து, 1970இல் 'காலம் வெல்லும்', 1972இல் 'கங்கா', 'ஜக்கம்மா' என்று ஜெய்சங்கரை வைத்துக் குதிரைப் படங்களாக எடுத்தார். அடிப்படையில் அவர் கேமராக்காரர் என்பதால் குதிரை ஓடும் காட்சிகளில்தான் அந்தப் படங்களுக்கு உயிர். அதில் ஒன்றிலிருந்து ஏதாவது ஒரு துரத்தல் காட்சியையாவது முன்கூட்டியே பார்த்து வையுங்கள், பத்து நிமிடம் போதும். அதன் பிறகு சிம்புதேவன் படத்தில் ஓர் ஊருக்கே ஜெய்சங்கர்புரம் என்று பெயர் வரும்போது அது வெறும் வேடிக்கையாகத் தெரியாது, தனக்கு முன்னால் இந்தப் பாதையில் குதிரை ஓட்டியவர்களுக்கு ஒருவர் வைக்கும் வணக்கமாகத் தெரியும். எனக்கு இந்தப் படத்தில் மிகப் பிடித்த விஷயமே இதுதான். தன்னுடைய முன்னோடிகளைக் கிண்டல் செய்துகொண்டே அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறது.

காமிக்ஸ் வாசித்தவர்களுக்குத் தனியாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது, 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது, அந்தப் புத்தகங்களோடு வளர்ந்தவர்களுக்குப் படத்தின் பெயரைக் கேட்டதுமே அட்டைப்படம் ஒன்று மனதில் விரியும். வாசிக்காதவர்கள் ஒரு லக்கி லூக் கதையை மட்டும் படித்துவிட்டு வாருங்கள். ஆள் உயரத்துக்கு ஏற்றபடி வரிசையாக நிற்கும் டால்டன் சகோதரர்கள், எஜமானைவிட விவரமான குதிரை, யாரும் நிஜமாகக் காயப்படாத துப்பாக்கிச் சண்டை, இவற்றின் சுவை பிடிபட்டுவிட்டால் இந்தப் படத்தின் சுதி எது என்று காது தானாகப் பிடித்துக்கொள்ளும்.

சரி, படத்துக்கு வருவோம். கதைச் சுருக்கம் தெரிந்தால் சுவாரசியம் கெட்டுவிடும் வகைப் படம் இல்லை இது, அதனால் சொல்லிவிடுகிறேன். செய்யாத வைரத் திருட்டுக்காகத் தூக்கில் தொங்க வேண்டிய ஒருவன், லாரன்ஸ். அவனைக் காப்பாற்றுகிறவர்கள், காணாமல்போன தங்கள் ஊர் வீரனைப் போலவே இவன் இருப்பதால் அவன் இடத்தில் நடிக்கச் சொல்கிறார்கள். எதிரே உசாபுரம், சுற்றியுள்ள சின்ன ஊர்களை மிரட்டி வைத்திருக்கும் பெரிய ஊர், அதை ஆளும் கிழக்குக்கட்டை, அந்த வேடத்தில் நாசர். அப்புறம் ஒரு புதையல். ஒருவன் இடத்தில் இன்னொருவன் உட்காரும் இந்த வித்தையைப் புலிகேசியிலும் பார்த்திருப்பீர்கள், அங்கே கோழை ராஜாவின் இடத்துக்கு இரட்டைப் பிறவியான தம்பி வருவார். அந்தப் படம் பழைய ராஜா காலப் படங்களின் உடையைப் போட்டுக்கொண்டு இன்றைய விளம்பரங்களையும் ஆட்சியையும் குத்தியது. இங்கே உடை மட்டும் மாறியிருக்கிறது, குத்து அதே கையிலிருந்துதான் வருகிறது.

எனவே முதல் அரைமணி நேரத்தில் கதாநாயகனை விட்டுவிட்டுப் பெயர்களைக் கவனியுங்கள். உசாபுரம் எந்த நாட்டின் ஆங்கிலச் சுருக்கத்தைச் சேர்த்து வாசித்தால் வரும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கிழக்குக்கட்டை, ஈஸ்ட்வுட்டைத் தமிழில் இரண்டாகப் பிளந்து வைத்த பெயர். அவருடைய வலது கைக்குப் பெயர் உலக்கை, அது சாய்குமார். இந்தப் பெயர்களோடு படம் வந்த காலத்தையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். 2003இல் தொடங்கிய இராக் போரின் சூடு ஆறவில்லை, 2008இல் இந்தியாவும் அமெரிக்காவும் அணுசக்தி ஒப்பந்தம் போட்டு அதைச் சுற்றி நாடே வாதிட்டு முடித்திருந்தது. பத்திரிகைக் கார்ட்டூன்களில் பெரிய தொப்பியும் துப்பாக்கியுமாக அமெரிக்காவை வரைந்து வரைந்து பழகிய ஒரு தலைமுறையிலிருந்து வந்தவர், அதே உருவத்தை எடுத்து நடமாட விட்டிருக்கிறார். சில இடங்களில் இந்தக் குத்தலை வசனமாகவே நீட்டிப் பேசிவிடுகிறார்கள், அங்கே பிரசங்க வாடை அடிக்கும். ஊரின் பெயரும் வில்லனின் ஒற்றைக் கண்ணும் சொல்லி முடித்ததை வாய் மறுபடி சொல்லியிருக்க வேண்டாம்.

இரண்டாவதாகப் பின்னணியைப் பாருங்கள், முன்னால் பேசுகிறவரை அல்ல. மரக்கட்டை வீடுகள், கடைப் பலகைகள், தெருவோரத்தில் சும்மா நிற்கும் கூட்டம், இவற்றில் செலவழித்திருக்கும் உழைப்பு அசாத்தியம். இதனால்தான் கைப்பேசியில் பார்க்க வேண்டாம் என்கிறேன். உள்ளங்கை அளவுத் திரையில் ஓர நகைச்சுவை மொத்தமும் தொலைந்துபோய், நடுவில் வாய் அசைக்கும் ஒருவர் மட்டும் மிஞ்சுவார். வீட்டில் எது பெரிய திரையோ அதில் போடுங்கள், ஏதாவது கண்ணில் பட்டால் நிறுத்திப் பாருங்கள், தப்பே இல்லை. ஒளிப்பதிவாளர் அழகப்பன் மண்ணையும் வெயிலையும் ஒரே நிறக் குடும்பத்துக்குள் கொண்டுவந்திருப்பதும் பெரிய திரையில்தான் தெரியும்.

ஒலியையும் கொஞ்சம் கூட்டி வையுங்கள். லியோனேவின் படங்களுக்கு என்னியோ மோரிகோனே போட்ட இசையில் சீட்டியும் சவுக்கடியும் மின்கிதாரும் பாத்திரங்களைப் போலவே நடமாடும், அதற்குப் பின் வந்த எந்த கௌபாய் படமும் அந்த நிழலிலிருந்து தப்பியதில்லை. ஜி.வி.பிரகாஷ்குமாரும் பின்னணியில் அந்தச் சாயலை மறைக்க முயலவில்லை, மறைக்கவும் தேவையில்லை.

நாசரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஒற்றைக் கண் வில்லன், பெயரோ கிழக்குக்கட்டை, சுற்றிலும் கோமாளித்தனம். இப்படி ஒரு வேடம் கிடைத்தால் பல நடிகர்கள் தாங்களும் சிரிக்கவைக்கப் பாய்வார்கள். நாசர் அதைச் செய்யவில்லை. தான் ஒரு பயங்கரமான கதைக்குள் இருப்பதாகவே முழுமனதோடு நம்பி நடிக்கிறார், அந்த நம்பிக்கையினால்தான் அவரைச் சுற்றி நடப்பது சிரிப்பாகிறது. இதற்கு ஒரு வருடம் முன்பு, 2009இல் வந்த 'குயிக் கன் முருகன்' என்ற இன்னொரு இந்திய கௌபாய் காமெடியிலும் வில்லன் அவர்தான், பெயர் ரைஸ் பிளேட் ரெட்டி. அடுத்தடுத்து இரண்டு கௌபாய் காமெடிகளை ஒரே வில்லன் தாங்கிப் பிடித்தது சாதாரண விஷயமில்லை, அதை யாரும் போதுமான அளவு பேசவில்லை என்பது என் ஆதங்கம். ஒரு காட்சியில் அவர் இருந்தால், வசனம் பேசாத நேரத்திலும் அவரையே பார்த்துக்கொண்டிருங்கள்.

லாரன்ஸ் விஷயத்தில் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் திருத்திக்கொள்வது நல்லது. புலிகேசியில் வடிவேலு செய்ததை இங்கே தேடாதீர்கள். ஒரு வார்த்தையைக் கால் நொடி தள்ளிப் போட்டுச் சிரிக்கவைக்கும் வித்தை வடிவேலுவுடையது, லாரன்ஸுக்கு அது கைவரவில்லை, பல நல்ல வசனங்கள் அவர் வாயில் சப்பென்று போகின்றன. ஆனால் அவர் நடனக்காரர். நடை, குதிரையிலிருந்து இறங்கும் விதம், சட்டென்று திரும்பும் வேகம், இவற்றில் அவர் உடம்பு பேசுகிறது. அவர் வரும் காட்சிகளில் காதைவிடக் கண்ணுக்கு அதிக வேலை கொடுங்கள். மௌலி, டெல்லி கணேஷ், இளவரசு, எம்.எஸ்.பாஸ்கர், மனோரமா என்று நமக்குப் பழகிய முகங்கள் அந்த உலகத்து உடையில் வந்து நிற்பதும் ஒரு தனி சந்தோஷம், அதை அவசரமாகக் கடக்காதீர்கள்.

இப்போது புதையல். பெரும்பாலானவர்கள் எழுந்துபோகும் இடம் இது. 1969இல் வந்து இந்தியாவில் வருடக்கணக்கில் பேசப்பட்ட 'மெக்கன்னாஸ் கோல்டு' படத்தின் நினைவு இந்தப் பகுதி முழுக்கப் பரவியிருக்கிறது. அந்தப் படத்தில் ஒரு பாறைத் தூணின் நிழல் நீண்டு நீண்டு போய்த் தங்கப் பள்ளத்தாக்குக்கு வழி காட்டும், பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். புதையல் வேட்டை என்றால் ஒவ்வொரு படியிலும் ஆபத்து ஏற வேண்டும், பேராசை முற்ற வேண்டும், கூட வருகிறவன் மேல் சந்தேகம் வளர வேண்டும். கட்டம் கட்டமாக யோசிக்கும் நகைச்சுவையோ ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். இரண்டும் ஒத்துவராது. அதனால்தான் ஒரு புதிர், ஒரு சிரிப்பு, அடுத்த புதிர் என்று போகிறதே தவிர எதுவும் ஏறவில்லை, ஊர்த் தெருவில் இருந்த பலகைகளும் கூட்டமும் காட்டுக்குள் இல்லாததால் ஓரத்தில் பார்க்கவும் அதிகம் இல்லை. இதைச் சமாளிக்க எளிய வழி, வேட்டை தொடங்கும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு மிச்சத்தை இன்னொரு நாள் பார்ப்பது. தனிப் புத்தகமாக நினைத்துப் பார்த்தால் பொறுமை கூடுகிறது. பாடல்களை ஓட்டிவிட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, அவை பெரும்பாலும் கதையை நிறுத்தி வைக்கின்றனவே தவிர அந்த உலகத்துக்கு எதையும் சேர்க்கவில்லை.

பொறுத்துப்போகக் கூடாத குறைகளும் இருக்கின்றன. இறகு சூடிய பழங்குடிகளையும் அவர்கள் பேசும் பொய் மொழியையும் வைத்துச் சிரிக்கவைக்கும் காட்சிகள். இது பழைய ஹாலிவுட்டிலிருந்தும் காமிக்ஸிலிருந்தும் அப்படியே தூக்கி வந்தது. அங்கே வெள்ளைக்கார நடிகர்கள் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு, நிஜத்தில் தங்கள் நிலத்தைப் பறிகொடுத்த மக்களைக் காட்டுமிராண்டிகளாக நடித்துக் காட்டினார்கள். வல்லரசு சின்ன ஊரை மிரட்டுகிறது என்று கோபப்படும் ஒரு படம், அதே வல்லரசு முதலில் யாரை மிரட்டித் துரத்தியதோ அவர்களைக் கேலிப்பொருளாக்குவது பெரிய முரண். இயக்குநருக்கு இருந்த அரசியல் கூர்மைக்கு இது உறைத்திருக்க வேண்டும். குழந்தைகளோடு பார்ப்பீர்கள் என்றால் அந்த இடத்தில் நிறுத்தி, நிஜத்தில் அந்த மக்களுக்குப் பல மொழிகளும் பெயர்களும் வரலாறும் உண்டு என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

கதாநாயகிகள் கதையும் அப்படித்தான். பத்மப்ரியா, லட்சுமி ராய், சந்தியா என்று மூன்று பேரை வைத்துக்கொண்டு மூவருக்கும் சரியாக வேலை கொடுக்கவில்லை. 'தவமாய் தவமிருந்து', 'மிருகம்' படங்களில் பத்மப்ரியாவைப் பார்த்தவர்களுக்கு இது வலிக்கும். கௌபாய் உலகத்தில் ஒரு பெண் கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் எத்தனை நகைச்சுவைக்கு வழி பிறக்கும், அதை யோசிக்கவே இல்லை.

யாரோடு பார்ப்பது என்பதும் முக்கியம். தனியாகப் பார்த்தால் இரண்டாம் பாதியில் தூக்கம் வரும். ஜெய்சங்கர் படங்களைக் கொட்டகையில் பார்த்த பெரியவர் ஒருவரும், காமிக்ஸ் பைத்தியம் ஒருவரும் பக்கத்தில் இருந்தால் அதைவிடப் பொருத்தமான கூட்டம் இல்லை. ஒருவர் பழைய படத்தை நினைவுபடுத்துவார், இன்னொருவர் எந்தக் காட்சி எந்த அட்டைப்படம் மாதிரி என்பார், படம் தொய்யும் இடங்களை அவர்களுடைய பேச்சு நிரப்பிவிடும். "லாஜிக் எங்கே?" என்று கேட்கும் நண்பரை இன்னொரு படத்துக்கு அழைத்துக்கொள்ளலாம்.

பார்த்து முடித்ததும் மதிப்பெண் போட அவசரப்படாதீர்கள். சில நாள் கழித்து மறுபடி போட்டு, முழுவதும் பார்க்காமல், பிடித்த காட்சிகளுக்கு மட்டும் தாவிப் போங்கள். தூக்குமேடை, உசாபுரத்துத் தெரு, நாசர் வரும் இடங்கள் என்று துண்டு துண்டாகப் பார்க்கும்போது நீளம் என்ற குறை காணாமல்போய், கார்ட்டூனிஸ்டின் கை மட்டும் மிஞ்சும். இன்னும் ஆர்வம் இருந்தால் 1970இல் இத்தாலியில் வந்த 'தே கால் மீ ட்ரினிட்டி'யைத் தேடிப் பிடியுங்கள், டெரன்ஸ் ஹில்லும் பட் ஸ்பென்சரும் நடித்தது. லியோனேவின் முறைப்பான உலகத்தை அவருடைய நாட்டுக்காரர்களே எப்படிச் சிரிப்பாக மாற்றினார்கள் என்பது தெரியும், ஒரு சோம்பேறி நாயகனை வைத்துக்கொண்டு காட்சிக்குக் காட்சி நகைச்சுவையை எப்படி ஏற்றிக்கொண்டு போவது என்பதும் தெரியும். அதற்கு அடுத்து 'கங்கா'வையோ 'ஜக்கம்மா'வையோ இந்த முறை முழுதாகப் பாருங்கள். இந்த வரிசையில் பார்த்துவிட்டு, தள்ளிவைத்த அந்தப் புதையல் பகுதியைக் கடைசியாக எடுத்துப் போடுங்கள்.